மட்டை கழிக்கிற ஆள்

பனையேற்றத்தைப் பற்றி எழுதாத தமிழ்ப் பத்திரிகை கிடையாது. கோடை பிறந்தால் நுங்கு, பதநீர், கருப்பட்டி என்று படத்தோடு பக்கம் நிறைந்துவிடும். ஏறுவதற்கு முன்னால் பனையை ஏறுகிற மரமாக ஆக்கவேண்டும் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் போகும் சாலையில் சன்னலோரம் உட்கார்ந்து போனாலே விஷயம் பிடிபட்டுவிடும். சில பனைகள் அடியிலிருந்து கொண்டைவரை கறுத்துச் சுத்தமாக நிற்கின்றன. சில பனைகளுக்குக் கழுத்திலிருந்து தரைவரை காய்ந்த ஓலையும் மட்டையும் மூடித் தண்டே தெரியவில்லை. இந்த இரண்டாவது வகைதான் வருசத்துக்கு வருசம் பெருகுகிறது.

இந்தப் பக்கம் மண் பாதி கரிசல், பாதி செவல். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால்தான் மழை. குதிரைவாலி, கம்பு, பருத்தி, மிளகாய் போட்டது போக மிச்ச நிலத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. கண்மாய்க் கரையும் வரப்பும் மட்டும் இன்னும் பனையிடம் இருக்கின்றன. ரமணர் 1879-ல் பிறந்த ஊர் என்று திருச்சுழிக்கு வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். தேவாரத் தலம் என்று திருமேனிநாதர் கோயிலுக்கு வருகிறவர்களும் உண்டு. குண்டாற்றைத் தாண்டி இன்னும் கொஞ்சம் தெற்கே நடந்தால் நான் சொல்லப்போகிற கண்மாய்க் கரை வந்துவிடும். அதற்கு யாரும் வருவதில்லை.

தை பிறந்த வாக்கில் அங்கே போனேன். கரையில் வேலை நடந்துகொண்டிருந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு பனையேறி, அவருடைய மனைவி, அவர்களுடைய மருமகன். பெரியவரை நான் அண்ணே என்றேன். அந்த அம்மா எனக்கு மதினி ஆகிவிட்டார்.

"கிட்ட நிக்காதீங்க தம்பி. கருக்கு தெறிச்சாத் தெரியாது. வீட்டுக்குப் போயித்தான் ரத்தத்தப் பாப்பீங்க."

அவர்கள் கை வைத்திருந்தது ஒரு வடலியில், இளம் பனையில். கண்மாய்க் கரையை மராமத்துப் பண்ணின வருசம் கொட்டை ஊன்றியதாம். அந்தக் கணக்கில் பதினெட்டு வயது இருக்கும். பனையின் பிள்ளைப்பருவம் வெகு நீளம். கொட்டை முளைத்ததும் முதலில் கீழேதான் போகும். பல வருசம் மண்ணுக்கு மேலே நாலைந்து ஓலை மட்டும் விசிறி விசிறியாக நிற்கும், தண்டு இருக்காது. பிறகு தண்டு எழும்ப ஆரம்பித்தாலும் கண்ணுக்குப் படாது. உதிராத பழைய மட்டைகள் அடுக்கடுக்காக அதைக் கட்டிக்கொண்டிருக்கும். ஆண் பனையா பெண் பனையா என்பதே பாளை தள்ளும்போதுதான் தெரியும். அதற்குப் பன்னிரண்டு பதினைந்து வருசம் ஆகும், சில மரத்துக்கு இருபதும் ஆகும். வயதேறிய மரம் மட்டையைத் தானாகவே உதிர்த்துவிடும். வடலி உதிர்க்காது. ஒரு ஆள் போய்க் கழித்துவிட்டால்தான் உண்டு.

கிட்டப்போய்ப் பார்த்தால் இது எவ்வளவு சிக்கலான கட்டுமானம் என்பது தெரியும். பனை மட்டையின் அடி, தண்டைப் பற்றுகிற இடத்தில் நடுவே பிளந்து இரண்டு காலாக நிற்கிறது. தண்டு பருக்கப் பருக்க அந்தப் பிளவு விரியும். அந்தப் பிளவின் மேல் அடுத்த மட்டையின் கால். அதன் மேல் இன்னொன்று. சுற்றிச் சுற்றி ஏறும் இந்த அடுக்குக்குள் வலைப்பின்னலாகச் சில்லாட்டை, நொறுங்கின ஓலைத்தூள், மண், எறும்புப் புற்று, எலி இழுத்துவந்த கம்பங்கதிர். தேள் உண்டு. சாரை உண்டு, எலியைத் தேடி வருவது. அதனால் முதல் வேலை கம்பு வேலை. பெரியவர் நீளக் கம்பால் மரத்தைச் சுற்றி நாலு பக்கமும் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். போகிறது போகட்டும் என்று ஒரு பீடி.

பிறகு தொரட்டி. தொங்குகிற காய்ந்த ஓலையை எல்லாம் மருமகன் இழுத்துப் போட்டார். அதற்கு அப்புறம்தான் அருவாள். இடுப்புப் பெட்டியில் இரண்டு அருவாள் இருந்தன. ஒன்று கனமானது, மட்டைக்கு. இன்னொன்று பாளை அருவாள், மெல்லிசாக, துணி சுற்றி. அதை இந்த வேலையில் வெளியே எடுப்பதே இல்லை. பாளை சீவுகிறதற்கென்று வெள்ளைக்கல் பொடி போட்டுப் பலகையில் தீட்டித் தீட்டி வைத்த விளிம்பு, மட்டையில் ஒரு தரம் பட்டால் போச்சு. "பின்ன எதுக்குக் கொண்டு வந்தீங்க?" என்றேன். "அது இல்லாமப் பனைக்கு வந்தா என்னமோ மாதிரி இருக்கும்" என்றார்.

அவர் வெட்டுகிறதைவிட ஆட்டிப் பார்க்கிறதுதான் அதிகம். ஒவ்வொரு மட்டையின் அடியையும் இடது கையால் பிடித்து ஒரு தரம் அசைப்பார். அசைந்தால் கீழிருந்து ஒரு வெட்டு, அப்புறம் மேலிருந்து சாய்வாக இன்னொரு வெட்டு. துண்டு கையோடு வந்துவிடும். கீழ்வெட்டு போடாமல் மேலிருந்தே அடித்தால் நார் உரிந்துகொண்டு போய்த் தண்டின் தோலையும் கூட்டிக்கொண்டு போகும். சாய்வு எதற்கென்றால் மழைத்தண்ணீர் தங்கக்கூடாது. அசையாத மட்டையைத் தொடமாட்டார், அது எவ்வளவு காய்ந்து தொங்கினாலும் சரி.

"ஆடாத மட்டையில கை வைக்கப்படாது தம்பி. அது இன்னும் மரத்தோடதுதான். அடுத்த வருசம் வந்தா அதுவே குடுத்துரும்."

பத்தடி தள்ளி நின்ற மரத்தைக் காட்டினார். யாரோ அவசரக்காரர் பச்சை மட்டையைப் பிய்த்திருக்கிறார். தண்டில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளம். ஓரமெல்லாம் கறுத்து, உள்ளே விரல் விட்டால் மாவாக உதிர்ந்தது. வேம்பு, புளி என்றால் பட்டைக்கு அடியில் வளர்கிற திசு இருக்கிறது, காயத்தைச் சுற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிடும். பனைக்கு அந்தத் திசுவே கிடையாது. அது புல் வகையின் உறவு. தண்டில் பட்ட காயம் மரம் சாகிறவரை அப்படியே இருக்கும். பச்சைக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், துளை போட்டு முட்டை வைக்கும். மழைக்காலத்தில் அருவாளைத் தொடாமல் மழை ஓய்ந்து மார்கழி, தை என்று இவர்கள் வேலையை வைத்துக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம். மாசியில் பாளை கட்டிவிடும், அதற்குள் மரம் தயாராகவேண்டும் என்பது இன்னொன்று.

கீழ்த்தண்டில் ஒட்ட வெட்டியவர், ஆள் உயரத்துக்கு மேலே போனதும் நாலு விரல் கட்டையை விட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தார். சோம்பல் என்று நினைக்கவேண்டாம். மேலே உள்ள அடிகள் போன வருசம் பச்சையாக இருந்தவை, ஆடினாலும் தண்டோடு இன்னும் முழுக்க ஒட்டு விடவில்லை. இந்தக் கட்டைகளில் கால் வைத்து இந்த வருசம் ஏறலாம். அடுத்த தையில் இவையும் கழன்றுவிடும். அப்படி மூன்று நான்கு வருசம் விடாமல் பார்த்தால்தான் தண்டு முழுக்கத் தெரிகிற மரம் கிடைக்கும். அதற்குப் பிறகு முருக்குத்தடி சாத்தி, காலில் தளைநார் போட்டு, நெஞ்சை மரத்தோடு ஒட்டி ஏறவேண்டியது. நெஞ்சு உரசுகிற இடத்தில் ஒரு சிலாம்பு நின்றாலும் மாசியிலிருந்து ஆடிவரைக்கும் தினம் அது குத்தும். அதனால் மட்டை கழித்த தண்டையும் அவர் சும்மா விடவில்லை. அருவாளின் முதுகால் மேலும் கீழும் ஒரு தேய் தேய்த்துவிட்டு, உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். நாளாக ஆக மரமே வழுவழுப்பாகிவிடும். ஏறாமல் விட்ட பனையையும் ஏறுகிற பனையையும் இருட்டில் தடவியே சொல்லிவிடுவேன் என்றார். நம்பலாம்.

இதற்குள் மதினி கீழே ஒரு சந்தையையே பரப்பியிருந்தார். கருக்கெல்லாம் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி மட்டைகளை அடுக்கி, கையில் கீறல் விழாமல் கட்டும் வேகம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காய்ந்த ஓலை ஒரு குவியல், வேலி அடைக்க. தண்டிலிருந்து வந்த பத்தை தனிக் குவியல். அது நின்று எரிகிற விறகு. பதநீர் காய்ச்சுகிற அடுப்புக்கு இதைவிட ஒன்று வேண்டாம். தன் பதநீரைக் காய்ச்சுகிற விறகைப் பனையே கொடுத்துவிடுகிறது. பச்சை மட்டை தானாக ஒடிந்து கிடைத்தால் அதில் அகணி நார் கிழிக்கலாம், கட்டிலுக்கு ஆகும். இளம் வடலியின் பத்தையைத் தட்டிச் சீவினால் வருவது தும்பு. தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறிப் போய் வெளிநாட்டுத் தெருக்களைக் கூட்டுகிற பிரஷ்களில் இருப்பது இந்தத் தும்புதான். சாயல்குடி, வேம்பார்ப் பக்கம் தும்பு அடிக்கிற வேலைக்குப் பெண்கள் போவார்கள். மதினியும் கல்யாணத்துக்கு முன்னால் அந்த வேலைக்குப் போனவர். ஆணிப்பலகையில் தும்பைச் சீவிச் சீவி விரலெல்லாம் புண்ணாகுமாம். "அதுக்கு இந்தக் கருக்கு தேவல" என்றார்.

தும்புக்கு விலை ஏறினால் வடலிக்கு ஆபத்து என்பதையும் சொல்லவேண்டும். நல்ல தும்பு தண்டுக்குள் புதைந்த அடியில்தான் இருக்கிறது. பச்சை மட்டையைப் பிடுங்கி எடுத்தால் நீளமாகக் கிடைக்கும். ஓலைக்கு விலை ஏறினாலும் அதே கதை. ஒரு பனையின் கொண்டையில் முப்பது நாற்பது ஓலை இருக்கும். வருசத்துக்குப் பன்னிரண்டு பதினான்கு ஓலை புதிதாக விரியும், அவ்வளவுதான் அதன் வரும்படி. லாரியோடு வருகிற கூட்டம் குருத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்றை விட்டுவிட்டு மொத்தமும் வழித்துவிடும். மரம் சாகாது. ஆனால் அடுத்த வருசம் பாளை மெலியும், தண்டு கழுத்தில் சிறுத்துப்போகும். பல வருசம் கழித்தும் அந்தச் சிறுத்த இடத்தைப் பார்த்து, இன்ன வருசம் இதை மொட்டை அடித்தார்கள் என்று சொல்லலாம்.

அப்படியானால் எதையுமே கழிக்காமல் விட்டுவிடலாமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். பறவை ஆர்வலரான நண்பர் ஒருவர் அந்தக் கட்சி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. பனை உழவாரன் என்ற சின்னக் குருவி, எச்சிலையும் இறகையும் குழைத்துத் தொங்கும் பனையோலையின் அடிப்பக்கத்தில்தான் கூடு ஒட்டுகிறது. தூக்கணாங்குருவி ஓலை நுனியில் கூடு கட்டுகிறது. மரநாய், வௌவால், அணில் எல்லாவற்றுக்கும் அந்தக் காய்ந்த ஓலை மறைவு வேண்டும். பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் மேலே கைகாட்டினார். கொண்டைக்குக் கீழே ஒரு சுற்று ஓலை காய்ந்தும் தொங்கிக்கொண்டிருந்தது. அது இன்னும் ஆடாத மட்டை. அவர் குருவிக்காக விடவில்லை, மரத்துக்காக விட்டிருக்கிறார். குருவிக்கும் அது போதும்.

கழிக்காமல் விட்டால் வருகிற கேடு இரண்டு. மட்டை இடுக்கில் சேர்ந்த மண்ணில் காக்கை எச்சமிட்ட ஆலும் அரசும் முளைக்கும். பனையை வேர்விட்டுப் பின்னி, அரசமரம் பெரிதாகி, பனை உள்ளே செத்துப்போவதை இந்தப் பக்கத்தில் பல இடத்தில் பார்க்கலாம். சில இடத்தில் அதற்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிறார்கள். இரண்டாவது கேடு தீ. பங்குனி, சித்திரையில் கரையில் புல் காய்ந்து கிடக்கும். கருவேலம் வெட்டின இடத்தைச் சுத்தம் பண்ண ஒருவர் தீ வைப்பார். அல்லது பீடி. பனைத்தண்டு தீக்குச் சுலபத்தில் அஞ்சாது. உயிர் பட்டைக்கு அடியில் இல்லாததால், வெளியே கருகினாலும் உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டுதான் இருக்கும். கழித்த பனையென்றால் தீ அடியை நக்கிவிட்டுப் போய்விடும். மட்டை மூடின வடலியில் தீ அடுக்கடுக்காக ஏறி, ஐந்து நிமிசத்தில் குருத்துக்குப் போய்விடும். பனைக்கு இருப்பது ஒரே குருத்து. கிளை கிடையாது, மறுதளிர் கிடையாது. கரையின் கீழ்க்கோடியில் அப்படி ஒரே வரிசையில் தலை இல்லாமல் நின்ற வடலிகளைப் பார்த்தேன். செங்கல் சூளைக்காரர் அவற்றை விலை பேசியாகிவிட்டது.

ஊன்றினது யார் என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஊன்றினார்களாம், படம் எடுத்தார்களாம். எனக்குப் பனை விதைப்பவர்கள்மேல் குறை ஒன்றும் இல்லை. 2021-ல் தமிழக அரசு முதல் தடவையாக வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது 76 லட்சம் பனைவிதை, ஒரு லட்சம் கன்று என்று அறிவித்தது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. நல்லதுதான். ஆனால் விதைப்பது ஒரு காலை வேலை. அந்த விதை வடலியாகி, முதல் மட்டை கழிக்கிற பருவத்துக்கு வரும்போது 2035 தாண்டிவிடும். அதை ஆட்டிப் பார்த்து அருவாள் போடுகிற ஆள் எங்கிருந்து வருவார் என்பதற்கு எந்த அறிக்கையிலும் தலைப்பு இல்லை. இதே விருதுநகர் மாவட்டத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையம் 1992-லேயே குட்டைப் பனை ரகம் ஒன்றை வெளியிட்டிருக்கிறது. எஸ்விபிஆர்-1 என்று பெயர். உயரம் குறைந்தால் ஏற்றம் சுலபமாகும். குட்டையோ நெட்டையோ, வடலியின் மட்டை மட்டும் குறையாது.

வெளியூர் நிலவரமும் கேட்க ருசியானது. 1849-ல் ராபர்ட் பார்ச்சூன் என்கிற தாவர வேட்டைக்காரர் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு பனையை அனுப்பினார். பனியைத் தாங்குகிற பனை. இன்று லண்டன் தோட்டங்களில் சாதாரணமாக நிற்கிறது. அதன் தண்டில் பழுப்புநிறச் சில்லாட்டை கம்பளியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே தோட்டக்காரர்களுக்குள் ஒரு தீராத வழக்கு: அதை உரித்துத் தண்டை வழவழப்பாக்குவது அழகா, பனிக்குப் போர்வையாக விட்டுவைப்பது நல்லதா என்று. அவரவர் தோட்டம், அவரவர் ரசனை. சீனத்து விவசாயிக்கு அந்த வழக்கே கிடையாது. அவர் அந்தச் சில்லாட்டையை அளவாக உரித்துக் கயிறு திரித்தார், மழைக்கு மேலங்கி தைத்துப் போட்டுக்கொண்டார். ஸ்பெயினில் எல்ச்சே என்ற ஊரின் பேரீச்சைத் தோப்பை 2000-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம் ஆக்கியது. அந்த மரங்களில் ஏறிக் கழித்து வெட்டுகிறவர்களுக்குப் பால்மெரெரோ என்று தனித் தொழிற்பெயர் உண்டு. சிவப்புக் கூன்வண்டுக்குப் பயந்து குளிர்காலத்தில் மட்டும் கழியுங்கள் என்பது அந்தப் பக்கத்து அறிவுரை. பெரியவரிடம் சொன்னேன். "அங்கயும் தையிலதானா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மட்டையை ஆட்டினார்.

மத்தியானக் கஞ்சி நேரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஊரில் முப்பது பனையைப் பாட்டத்துக்கு எடுத்திருக்கிறான். முறையாக ஏறிப் பழகினவன் இல்லை. மிதித்து ஏறுகிற கருவி வாங்கியிருக்கிறான். கேரளத்தில் செம்பேரி ஜோசப் தென்னைக்கென்று செய்த இரட்டை மிதியின் வழியில் வந்தது. இரண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிக் கம்பிவடம். ஒரு காலைத் தூக்கினால் ஒரு வடம் தளரும், மிதித்தால் இறுகும். தென்னைக்குச் சரி. பனை அடியில் பருத்து மேலே போகப்போக மெலியும், போகிற வழியில் வடத்தைச் சுருக்கிக்கொண்டே போகவேண்டும். 2022-ல் சிறந்த பனையேறும் கருவிக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு என்று அரசு அறிவித்ததும் இந்தத் தொல்லையெல்லாம் தீரவில்லை என்பதால்தான். பையனுக்கு இன்னொரு தொல்லை. அவன் பாட்டத்தில் பாதிக்கு மேல் கழிக்காத மரம். மட்டைக்கட்டை நிற்கிற தண்டில் வடம் மாட்டாது, மாட்டினாலும் பிடிக்காது.

"அண்ணாச்சி, நீங்க கழிச்சு மட்டும் குடுங்க. ஏறுறத நான் பாத்துக்கிறேன்."

பெரியவர் கஞ்சிச் சட்டியைக் கீழே வைக்கவில்லை. மட்டையும் பத்தையும் எனக்கு, கூலி மரத்துக்கு இவ்வளவு, இந்த வருசம் ஆடுகிறதை மட்டும் எடுப்பேன், மிச்சத்துக்கு அடுத்த தையில் மறுபடி கூப்பிடு என்றார். பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கூரை மேய்கிற ஒருவர் ஓலை கேட்கிறார், அப்படியே பச்சை ஓலையிலும் மரத்துக்குப் பத்து இறக்கிக் கொடுத்தால் பாட்டக் காசில் பாதி வந்துவிடும் என்றான்.

"அப்ப வேற ஆளப் பாரு."

"அஞ்சு?"

பெரியவர் கையைக் கழுவிவிட்டு மரத்துக்குப் போய்விட்டார். பையன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான், வண்டியை எடுத்தான். "முப்பது மரமாச்சே மதினி, போயிருச்சே" என்றேன்.

"எங்க போகுது? மாசி பொறந்தா பாள தள்ளிரும், அந்த மிசினு கட்டையில மாட்டாது. இங்கனதான் வருவான்" என்றபடி அடுத்த கட்டை இறுக்கினார் மதினி.